மூன்றாம் இசைவு

பேக்கரிக்கு எதிரே இருந்த மின்னலை ஆய்வு மையத்துக்கு முகப்பு இருப்பது தெரியும், முகப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது என்பார் ரொட்டி மாஸ்டர். சும்மா சொல்லக் கூடாது, முகப்பு அப்படி. ஐந்து மாடி உயரத்துக்குக் கண்ணாடி. அதன் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வளைந்து ஏறி வளைந்து இறங்கும் ஒரு ராட்சத அலை. முழுக்க முழுக்க விளக்கு. மாசு மருவில்லாத தூய மின்சாரம் எப்படி இருக்க வேண்டும் என்று நாட்டு மக்களுக்குப் புரியவைப்பதற்காகச் செய்தது. பகலிலும் எரியும். பகலில் அணைத்தால் பகல் மின்சாரம் தூய்மையாக இல்லை என்று ஆகிவிடுமாம்.

அந்த அலை எரியத் தொடங்கிய பிறகுதான் அக்காவின் பேக்கரியில் மாவு பிசையும் மெஷினின் மோட்டார் புகைய ஆரம்பித்தது.

அக்கா என்றால் தெருவுக்கே அக்கா. அவளைவிட வயதில் மூத்த தையல்காரரும் "அக்கா, ரெண்டு பன்னு" என்றுதான் கேட்பார். நிஜமாக அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவன் ஒரே ஒருத்தன். அவளோடு பிறந்த தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. மாவு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதப் படித்தான். ஒருநாள் அக்காவின் கொண்டை ஊசியைக் கொண்டுபோய் பிளக்கில் விட்டுப் பார்த்தான். கரண்ட் அவனைப் பிடித்துக்கொண்டது. அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் மரத்துடுப்பால் அக்கா ஓங்கி ஒரு போடு போட்டாள். பையன் ஒரு மூலையிலும் ஊசி ஒரு மூலையிலும் போய் விழுந்தார்கள். அன்று கரண்ட் அவனை விட்டது. அவன் கரண்டை விடவில்லை. படித்துப் பட்டம் வாங்கி, எதிர்க் கட்டடத்திலேயே ஆய்வாளராகப் போய் உட்கார்ந்தான். அக்காவுக்கு அந்த விளக்கு அலையைப் பார்க்கும்போதெல்லாம் தம்பியே சுவரில் எரிவது போல ஒரு பெருமை.

மோட்டார் முதல் தடவை எரிந்தபோது வயதாகிவிட்டது என்றார்கள். வைண்டிங் கடையில் புதிதாகச் செம்புக் காயில் கட்டிக் கொண்டுவந்து மாட்டினாள். மறுபடி எரிந்தது. மூன்றாவது தடவை வைண்டிங் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "அக்கா, மோட்டார்ல ஒண்ணுமில்ல. உங்களுக்கு வர்ற கரண்ட்லதான் என்னவோ கோளாறு," என்றார். அதோடு சுவிட்ச் போர்டுக்குள் கரண்ட் திரும்பிப்போகும் நியூட்ரல் வயர் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. கடைக்குள் ரொட்டி வாசனையை மீறிக்கொண்டு ரப்பர் கருகும் நெடி. மாடியிலேதான் அக்காவின் வீடு. என்றைக்கு ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளுமோ என்று ராத்திரியில் இறங்கிவந்து போர்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போவாள்.

தம்பி கரண்டை அளக்கும் அளவி ஒன்றைக் கொண்டுவந்து வயரைச் சுற்றி மாட்டிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"அடக் கடவுளே! இது உன் தப்பே இல்லக்கா."

"பின்ன யார் தப்புடா?"

"கரண்டுங்கறது ஒரே சீரா அலை அலையா வரணும். எங்க கட்டடத்து விளக்குங்க இருக்கே, அதுங்க கரண்ட அப்படியே வாங்காம பிச்சுப் பிச்சு எடுக்குது. அதனால பெரிய அலைக்குள்ள குட்டிக் குட்டி அலையா உண்டாயிடுது. மூணு லைன்லேர்ந்தும் வர்ற குட்டி அலைங்க நியூட்ரல்ல வந்து ஒண்ணா சேந்துக்குது. உனக்கும் எங்களுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். அதான் உன் வயரு சுடுது, மோட்டாரு வேகுது."

"அதாவது, சுத்தமான கரண்ட் எப்படி இருக்கும்னு காட்டறதுக்கு வச்ச விளக்கு, கரண்ட அசிங்கப்படுத்துது."

"ஆமாக்கா."

"அப்ப போய் அணைக்கச் சொல்லுடா!"

"சும்மா போய்ச் சொல்ல முடியாதுக்கா. முறைப்படி வரணும். கரண்ட் ஆபீஸ்ல எங்க மையத்தோட அறிக்கைக்குத்தான் மரியாதை. நீ ஒரு புகார் குடு, ஆய்வு பண்ண வருவாங்க, அப்புறம் எங்க மையத்தோட பேரவை கூடும். அங்க நானே எந்திரிச்சு எங்க கட்டடம்தான் காரணம்னு சொல்றேன்."

"நெஜமா சொல்லுவியா?"

"உன் மேல சத்தியமா."

அக்காவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? புகார் கொடுத்தாள்.

இந்த இடத்தில் மையத்தின் சொல்லாக்கக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மையத்தில் மின்சாரத்தை அளக்கிறவர்களைவிட மின்சாரத்துக்குப் பெயர் வைக்கிறவர்கள் அதிகம். அந்தக் குழுவின் தலைவரை எல்லோரும் சொல்லையா என்பார்கள். கரண்டில் வரும் கோளாறை ஊரே கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், "கோளாறு வயிற்றுக்கும் வரும், ஆராய்ச்சிக்கு அது கௌரவமான சொல் அல்ல," என்று அதை ரத்து செய்து, இனிமேல் அது 'குற்றம்' என்று அறிவித்தவர் அவர்தான். ஒரு கம்பி மண்ணைத் தொட்டால் நிலக்குற்றம். இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் கூட்டுக்குற்றம். நல்ல சொல்தான், ஆனால் ஒரு சங்கடம். கோளாறு என்று சொன்னவரைக்கும் அதைச் சரிசெய்ய ஆள் தேடினார்கள். குற்றம் என்றானதும் குற்றவாளியைத் தேட ஆரம்பித்தார்கள்.

அதேபோல, அலைக்குள் புகுந்துகொள்ளும் அந்தக் குட்டி அலைகளுக்கு உலகத்தார் ஹார்மோனிக்ஸ் என்று சொல்வதை மாற்றி, 'இசைவு' என்று பெயர் வைத்தார்கள். மூன்று மடங்கு வேகத்தில் ஆடும் குட்டி அலை மூன்றாம் இசைவு; ஐந்து மடங்கில் ஆடினால் ஐந்தாம் இசைவு. இந்தச் சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தது குழுவின் செயலாளர். செயலாளர் வேறு யாருமில்லை, நம் தம்பிதான். அதற்காக அவனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பேக்கரியில் பிஸ்கட் பாட்டில்களுக்கு நடுவே அக்கா அதைத்தான் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். அதில் பொறித்திருந்த சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்டதில்லை. தம்பி வாங்கியது, அது போதும்.

ஆய்வுக்குழு வந்தது. வந்ததும் மாவு மெஷினைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, யாரும் கிட்டே வரக் கூடாது என்றார்கள்.

"குற்றம் நிகழ்ந்தபோது இந்த இயந்திரம் எங்கே இருந்தது?" என்று கேட்டார் சொல்லையா.

"இங்கதாங்க இருந்துச்சு," என்றார் மாஸ்டர்.

"அதற்கு முன்பு?"

"அதுக்கு முன்னயும் இங்கதான். தரையில போல்ட் அடிச்சிருக்குங்க."

"தப்பியோட முயலவில்லை," என்று சொல்லையா ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு ஒரு பெரிய அளவியைத் தூக்கிவந்து தெருப்பக்கம் வைத்தார்கள். அதன் முகம் பேக்கரியைப் பார்த்து இருந்தது. அக்கா விவரம் புரியாமல், "அந்தப் பக்கம் உங்க கட்டடத்தையும் ஒரு தடவ அளந்து பாத்துடுங்களேன்," என்றாள். குழு முழுவதும் அவளை ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவளைப் போலப் பார்த்தது. ஆய்வு செய்கிறவர் தம்மைத் தாமே ஆய்வு செய்துகொள்வது நடுநிலைக்கு விரோதமாம். மையத்தின் அறநெறியில் முதல் விதியே அதுதானாம்.

கடைசியில் சொல்லையா ஒலிப்பதிவுக் கருவியை அக்காவின் வாயருகே நீட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மையீர், இசைவு உண்டா?"

அக்கா தம்பி பக்கம் சாய்ந்து காதோடு கேட்டாள். "என்னடா கேக்குறார்?"

தம்பி மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான். "அளக்கறதுக்கு உனக்குச் சம்மதமான்னு கேக்குறார்க்கா. உண்டுன்னு சொல்லு."

"உண்டுங்க."

"முழுமையான இசைவா?"

"அதென்னங்க அரைகுறையா? முழுசாவே உண்டு."

"மூன்றாம் இசைவும் உண்டா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு தடவ கேட்டாலும் உண்டு, முப்பது தடவ கேட்டாலும் உண்டுங்க. டீ குடிக்கறீங்களா?"

குழு டீ குடித்தது, கேக் தின்றது, மஞ்சள் நாடாவை விட்டுவிட்டுப் போனது. தம்பி மட்டும் டீ வேண்டாம் என்றான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள்.

பேரவை கூடிய அன்று அக்கா பெட்டியில் வைத்திருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். பெரிய மண்டபம். மேடைக்குப் பின்னால் திரையில் அந்த வட்டாரத்துக் கரண்டின் அலை ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கவே பரிதாபமாக, கோணல் மாணலாக, எலி கடித்த துணி போல் இருந்தது. அதற்குக் கீழே இசைவின் அளவு சிவப்பு எழுத்தில் தெரிந்தது. ஒரு விஷயம் அக்காவுக்குத் தெளிவாகத் தெரியும். இன்றைக்குக் கட்டடம்தான் காரணம் என்று தீர்மானமானால் விளக்கை அணைப்பார்கள், கடை பிழைக்கும். பேக்கரிதான் காரணம் என்றானால் கரண்ட் ஆபீஸ்காரர் அங்கேயே இணைப்பைத் துண்டித்துவிடுவார். அவர் முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வரவேற்புரையை மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் பின் ஒருவராக அல்ல. மும்முனை மின்சாரத்தை மதிக்கும் வகையில், முதலாமவர் குரல் உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கும்போதே இரண்டாமவர் ஆரம்பித்துவிடுவார். அவர் இறங்கும்போது மூன்றாமவர் ஏறுவார். எந்தக் கணத்திலும் அவையில் பேச்சு நின்றுவிடக் கூடாது என்பது மரபு. ஒரு சொல்லும் யாருக்கும் புரியவில்லை. ஆனால் தடையே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

பிறகு இயக்குநர் எழுந்தார். தெருவில் அவருக்குப் பெரிய கரண்ட் என்று பெயர்.

"அன்பர்களே! இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து மையத்துக்குள் ஒரு குற்றம்கூடக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. எப்படி இந்தச் சாதனை? நாங்கள் தேடியதில்லை. தேடினால் சந்தேகப்பட்டதாக ஆகும். சந்தேகம் இருக்கும் இடத்தில் ஆராய்ச்சி எப்படி வளரும்? ஆகவே எங்கள் பார்வை எப்போதும் வெளியே, மக்களை நோக்கியே இருக்கிறது. குற்றம் நடப்பது மக்களிடையே. அதைக் கண்டுபிடிப்பது நாங்கள். இந்த வேலைப் பங்கீடு என்றைக்கும் மாறாது."

கைதட்டல் ஓய்ந்ததும், இன்றைய ஆய்வறிக்கை ஏற்கப்பட்டால் அதைத் தயாரித்த இளம் ஆய்வாளர் குற்றப் பிரிவின் தலைவராக உயர்த்தப்படுவார் என்று அறிவித்துத் தம்பியின் பெயரைச் சொன்னார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்லப்போகிறவனுக்கு இவர்களே பதவியும் கொடுக்கிறார்களே, நல்ல மனிதர்கள்தான் என்று நினைத்து எல்லோருக்கும் முன்னால் அவள்தான் கை தட்டினாள்.

சொல்லையா ஒலிப்பதிவை ஓடவிட்டார். மண்டபம் முழுக்க அக்காவின் குரல் கேட்டது. முழுசாவே உண்டு. மூணு தடவ கேட்டாலும் உண்டு, முப்பது தடவ கேட்டாலும் உண்டுங்க.

"கேட்டீர்களா?" என்றார் சொல்லையா. "தம்மிடம் இசைவு உண்டு என்கிறார். மூன்றாம் இசைவு உண்டு என்கிறார். கேட்காமலேயே முப்பதாம் இசைவு வரைக்கும் ஒப்புக்கொள்கிறார். எங்கள் அளவியே பத்தொன்பதாம் இசைவுக்கு மேல் காட்டாது. இப்படிப்பட்ட ஒரு மூலம், அதாவது இசைவு பிறக்கும் இடம், ஆராய்ச்சி வரலாற்றிலேயே இல்லை."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "இசைவுன்னா சம்மதம்தானேங்க?" என்று கேட்டாள். அவர் அவளுக்காக இரக்கப்பட்டு மெதுவாக விளக்கினார். பாதி விளக்கத்திலேயே, தான் எதற்கு உண்டு என்று சொல்லித் தொலைத்தோம் என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் பதறவில்லை. அதுதான் தம்பி இருக்கிறானே, இப்போது எழுந்து சொல்லப்போகிறானே.

தம்பி எழுந்தான்.

"ஆம். பதிவின்போது நான் உடனிருந்தேன். கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டது. பதில் தடுமாற்றமில்லாமல் வந்தது. மூலம் பேக்கரிதான் என்பது என் முடிவு."

உட்கார்ந்துவிட்டான்.

அக்காவுக்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. பிறகு தன்னையும் அறியாமல் எழுந்து நின்றாள்.

"டேய்! என்னடா சொல்ற நீ? உங்க கட்டடம்தான் காரணம்னு நீதானடா எங்கிட்ட சொன்ன? என் மேல சத்தியம் பண்ணியேடா!"

மண்டபம் சலசலத்தது. சொல்லையா கையை உயர்த்தினார். சத்தியத்தைப் பற்றியோ கட்டடத்தைப் பற்றியோ அவர் கவலைப்படவில்லை. அவரை உறுத்தியது வேறொன்று.

"அம்மையார் 'டேய்' என்கிறார். ஆய்வாளரை ஒருமையில் விளிக்கிறார். இருவருக்கும் உறவு ஏதேனும் உண்டா?"

பெரிய கரண்டின் முகம் கறுத்தது. ஆய்வாளருக்கும் மூலத்துக்கும் உறவு இருந்தால் அறிக்கை செல்லாது என்பது மையத்தின் இரண்டாவது விதி. கரண்ட் ஆபீஸ்காரரும் காலைக் கீழே இறக்கினார். "அப்படின்னா நான் லைனை வெட்ட முடியாதுங்க," என்றார். "வெளியூர்லேர்ந்து வேற ஆளுங்க வந்து முதல்லேர்ந்து அளக்கணும். இந்தக் கட்டடத்தையும் சேர்த்துத்தான்."

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். பேக்கரியில் வளர்ந்தவன் என்று மையத்தில் அவன் யாரிடமும் சொன்னதில்லை. தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"இந்தத் தெருவில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிடுவதுண்டு. அதனால் உரிமையோடு பேசிவிட்டார். மற்றபடி உறவு எதுவும் இல்லை."

இதைச் சொல்லும்போது அவன் குரல்கூடப் பிசகவில்லை.

"அம்மையீர், நீங்கள் சொல்லுங்கள்," என்றார் சொல்லையா. "இவர் உங்கள் தம்பியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கடை பிழைத்துக்கொள்ளும், மாஸ்டரின் பிழைப்பு பிழைத்துக்கொள்ளும், மாடி வீடு கருகாமல் இருக்கும். அதெல்லாம் அக்காவுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. தூக்கி வளர்த்தவளை உறவே இல்லை என்கிறானே என்ற கோபம்தான் முன்னால் நின்றது. 

"தம்பியா? இவனா? எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லவே இல்லைங்க!"

"மூலமே உறுதிப்படுத்திவிட்டது," என்றார் சொல்லையா, நிம்மதியாக.

அப்போதுதான் அக்காவுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. பெற்ற தாயும் கோபத்தில் சொல்லுகிற பேச்சு அது. இங்கே அதுவும் சாட்சியமாகிவிட்டது. சொல்லையா விதிப்படி, "மாற்றிச் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று ஒருமுறை கேட்டார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் வெட்கம் தெரிந்திருந்தால் மாற்றியிருப்பாள். அழுகை தெரிந்திருந்தாலும் மாற்றியிருப்பாள், அவனையும் காப்பாற்ற வழி தேடியிருப்பாள். அந்த முகத்தில் பதவி கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலை மட்டும்தான் இருந்தது.

"வேண்டாங்க," என்றாள். "சொன்னது சொன்னதுதான்."

கரண்ட் ஆபீஸ்காரர் போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசினார். கம்பத்தடியில் ஆள் தயாராக நின்றிருக்க வேண்டும். மண்டபத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், பேக்கரியின் பெயர்ப்பலகை விளக்கு அணைவது தெரிந்தது. எல்லோரும் ஆவலாகத் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அலை அதே கோணல் மாணலாக ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்து துளிகூட இறங்கவில்லை.

 பெரிய கரண்ட் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பாருங்கள், குற்றவாளி போன பிறகும் குற்றம் போகவில்லை! எவ்வளவு ஆழமாகக் குற்றம் இழைத்திருந்தால் இப்படி நீடிக்கும்! நமது ஆராய்ச்சி எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?"

வேண்டாம் என்று மண்டபம் கை தட்டியது. தம்பியை மேடைக்கு அழைத்தார்கள். பாராட்டுரை மும்முனையில் ஆரம்பமானது.

அக்கா வெளியே வந்து நடைக்கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வேகமாக யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. தம்பிதான். இவ்வளவுக்குப் பிறகும், மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று ஒரு பாழாய்ப்போன ஆசை அவள் நெஞ்சில் எட்டிப்பார்த்தது.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். யாருமில்லை என்று தெரிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா! காப்பாத்திட்டக்கா. அந்தாளு உறவான்னு கேட்டதும் எனக்கு உசுரே போயிடுச்சு. நீ எப்படி டக்குனு சமாளிச்ச பாரு! என்ன ஆனாலும் நீ என்னை விட்டுக்குடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

நடிக்கிறானோ என்று அக்கா உற்றுப் பார்த்தாள். நடிக்கவில்லை. தனக்காகத்தான் அவள் பொய் சொன்னாள் என்று மனசார நம்பிக்கொண்டிருந்தான்.

"நான் சமாளிக்கலடா. நெஜமாத்தான் சொன்னேன்."

"கோவத்துல பேசாதக்கா. கடைக்கு வேற ஏதாச்சும் வழி பண்ணலாம், இப்ப நான் பிரிவுத் தலைவர் இல்லியா? சரி, உள்ள கூப்பிடறாங்க. நீ முதல்ல கெளம்பு, நம்ம ரெண்டு பேரையும் சேத்து யாராச்சும் பாத்துடப் போறாங்க."

கையை விட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

அக்கா தெருவைக் கடந்தாள். தலைக்கு மேலே தூய அலை பட்டப்பகலில் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. கடைக்குள் வெளிச்சமில்லை. மாஸ்டர் நின்றுபோன மெஷினுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்னக்கா, கரண்ட வெட்டிட்டுப் போயிட்டானுங்க! தம்பி எந்திரிச்சு சொல்லலியா?"

"எந்தத் தம்பி மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, அக்கா மஞ்சள் நாடாவை அறுத்துப் போட்டாள். வளையல்களைக் கழற்றி வைத்தாள். பாதியில் நின்றுபோன மாவுக்குள் முழங்கை வரைக்கும் இரண்டு கையையும் விட்டுப் பிசைய ஆரம்பித்தாள்.